தெருவைப் பார்த்த 112 சதுர அடி

அமெரிக்கப் புறநகர் வீடுகளில் வாசற்கதவு பெரும்பாலும் விருந்தாளிகளுக்குத்தான். கொலு பார்க்க வருகிறவர்களும் பார்சல் கொண்டுவருகிறவரும் அதன் முன்னால் நிற்பார்கள். வீட்டுக்காரர்களுக்குப் போக்குவரத்தெல்லாம் கராஜ் வழியாக. செருப்பு கழற்றுவதும் அங்கே, அரிசி மூட்டை இறக்குவதும் அங்கே. அப்படியிருந்தும் வீட்டை விற்கும் எண்ணம் வந்துவிட்டால் கையிலிருக்கும் காசு முழுக்கச் சமையலறைக்கும் குளியலறைக்கும் போகிறது. கராஜ் கதவு பல வருட வெயிலையும் பேஸ்கட்பால் பட்ட பள்ளங்களையும் சுமந்துகொண்டு அப்படியே நிற்கிறது.

அளவுநாடாவை எடுத்தால் விஷயம் புரியும். வாசற்கதவு சாதாரணமாக 3 அடி அகலம், 6 அடி 8 அங்குல உயரம். ஆக 20 சதுர அடி. இரண்டு கார் நிற்கும் கராஜின் கதவு 16 அடிக்கு 7 அடி. 112 சதுர அடி. தெருவில் நின்று பார்ப்பவர் கண்ணிலும், ஜில்லோ வீட்டு விற்பனைத் தளத்தில் முதல் படத்தைப் பார்ப்பவர் கண்ணிலும் முதலில் விழுவது இதுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய புறநகர்களில், பின்பக்கம் தனியாகக் கிடந்த கராஜ் வீட்டோடு ஒட்டிக்கொண்டு முன்னால் வந்தது. சில தெருக்களில் வீடே தெரியாது, கராஜ்தான் தெரியும். ஆரெகனிலுள்ள போர்ட்லண்ட் நகரம் 1999இல், புதிதாகக் கட்டும் வீடுகளின் முகப்பில் கராஜ் பாதிக்கு மேல் அடைக்கக்கூடாது என்று விதியே போட்டது. நம்மில் பலர் வாங்குவது அந்த விதி எட்டாத ஊர்களில். அதனால் இருக்கிற கதவை என்ன செய்வது என்று பார்ப்போம்.

செய்ய வேண்டியவை

தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள். கடையில் கதவைத் தனியாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் பாதித் தவறுகளுக்குக் காரணம். கதவின் அழகு கதவில் இல்லை, வீட்டோடு அது சேர்வதில் இருக்கிறது. 1980, 90களின் கொலோனியல் வீடுகளுக்குச் சின்னச் சின்னக் கட்டங்கள் எழும்பிய சாதாரண எஃகுக் கதவு பொருந்தும். கிராஃப்ட்ஸ்மன் பாணி வீட்டுக்கும் ஃபார்ம்ஹவுஸ் பாணி வீட்டுக்கும் குதிரைவண்டிக் கொட்டகைக் கதவு மாதிரியான ‘கேரியேஜ் ஹவுஸ்’ கதவு எடுப்பாக இருக்கும். கலிஃபோர்னியாவில் ஜோசப் ஐக்லர் கட்டிய தட்டைக்கூரை வீடுகளுக்குக் கோடு, கட்டம் எதுவும் இல்லாத மொழுமொழு கதவோ, சுவரிலுள்ள மரப்பலகை வரியே தொடர்ந்து ஓடும் கதவோதான் வேண்டும்.

மத்திய நியூ ஜெர்சியில் 1960களில் கட்டிய ஸ்ப்ளிட் லெவல் வீடுகள் வரிசை வரிசையாக இருக்கும். தாழ்ந்த கூரை, குறுகிய கராஜ், அதன் மேலேயே படுக்கையறை ஜன்னல்கள். அப்படி ஒரு வீட்டில் கறுப்பு இரும்புக் கீல்கள், கனத்த கைப்பிடிகள், X வடிவச் சட்டங்கள், வளைந்த மேல் ஜன்னல்கள் எல்லாம் சேர்ந்த ஒரு கதவைப் பார்த்தேன். கதவு அருமையான கதவு. விலையும் கூடுதலாகத்தான் இருந்திருக்கும். மேலே இருந்த ஜன்னல்கள் நேர்கோட்டுச் சதுரங்கள், கீழே கதவின் ஜன்னல்கள் வளைவு. பெர்முடாஸ் போட்டவர் தலையில் பட்டுத் தலைப்பாகை கட்டியதுபோல இருந்தது. அதே வீட்டில், மேல் ஜன்னலின் கட்டங்களோடு ஒத்துப்போகும் நான்கு நேர் ஜன்னல்கள் வைத்த எளிய கதவு, செலவிலும் குறைந்து, வீட்டையும் உயர்த்திக் காட்டியிருக்கும்.

மாற்றுவதற்கு முன் கழுவுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, மென்மையான துணி, தோட்டக் குழாய். அவ்வளவுதான். எஃகுக் கதவு மங்கியது பெரும்பாலும் அழுக்காலும், மேல்பூச்சு வெளுத்துச் சுண்ணாம்புபோல் உதிர்வதாலும். கழுவி, காயவிட்டு, வெளிப்புற லேடெக்ஸ் பெயின்ட் இரண்டு பூச்சு அடித்தால் நிறையக் கதவுகள் பிழைத்துக்கொள்ளும். நேர் வெயில் அடிக்கும்போது அடிக்க வேண்டாம். வண்ணம் காய்வதற்குள் தூரிகைத் தடம் நின்றுவிடும். ஓரத்து ரப்பரில் பெயின்ட் படாமல் டேப் ஒட்டுங்கள். பட்டால் மறுநாள் காலை கதவு ரப்பரோடு ஒட்டிக்கொண்டு திறக்க மறுக்கும்.

நிறத்தைச் சுவரிலிருந்தோ ஜன்னல் சட்டத்திலிருந்தோ எடுங்கள். வாசற்கதவுக்குச் சிவப்போ மஞ்சளோ அடித்திருந்தால் அது அங்கேயே நிற்கட்டும். 20 சதுர அடியில் அழகாக இருக்கிற நிறம் 112 சதுர அடியில் கத்தும். செங்கல் வீட்டுக்குப் பளிச் வெள்ளையைவிடச் செங்கல்களுக்கு நடுவிலிருக்கும் சாந்தின் நிறம் பெரும்பாலும் சரியாக வரும். இதை நிறைய பெயின்டர்களே சொல்வதில்லை.

எந்திரத்தையும் பாருங்கள். மடங்கி மேலே போகும் இந்தக் கதவை 1921இல் சி.ஜி. ஜான்சன் என்பவர் உருவாக்கினார்; 1926இல் மின்சாரத்தில் திறக்கும் கருவியையும் கொண்டுவந்தார். அடிப்படை இன்றும் அதேதான். கதவின் எடையைத் தூக்குவது மோட்டார் இல்லை, மேலே கம்பியில் முறுக்கி வைத்திருக்கும் ஸ்பிரிங். மோட்டார் சும்மா கைகொடுக்கிறது. சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம்: கதவை மூடிவிட்டு, தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரிலிருந்து கழற்றுங்கள். கையால் பாதி உயரத்துக்குத் தூக்கி மெதுவாக விடுங்கள். நின்ற இடத்தில் நின்றால் சமன். கீழே சரிந்தாலோ மேலே ஓடினாலோ ஸ்பிரிங் சரியில்லை. ஆளைக் கூப்பிட வேண்டும். தூக்கும்போதே பாரமாக இருந்தால் அதற்கு மேல் முயல வேண்டாம்.

இது ஏன் அழகு பற்றிய பேச்சில் வருகிறது என்றால், வாங்குபவரின் இன்ஸ்பெக்டர் கட்டாயம் இதைத் தொடுவார். 1993 முதல் அமெரிக்காவில் தயாராகும் வீட்டுக் கராஜ் ஓப்பனர் எதிலும், கீழே குழந்தையோ பொருளோ மாட்டினால் கதவு தானாகத் திரும்பும் ஏற்பாடு இருந்தே ஆகவேண்டும். தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேல் போகாமல் இருபுறமும் பொருத்தியிருக்கும் ‘ஃபோட்டோ ஐ’ சென்சார்கள் அதற்காகத்தான். அவை இல்லாத பழைய ஓப்பனரை அப்படியே விட்டு மூவாயிரம் டாலர் கதவை மாட்டினால் ஆய்வறிக்கையில் கதவின் அழகு எழுதப்படாது, ஓப்பனரின் குறைதான் எழுதப்படும்.

விலை கேட்கும்போது கேள்விகளோடு போங்கள். எஃகுத் தகட்டின் கேஜ் என்ன? எண் குறையக் குறையத் தகடு தடிமன். 24 கேஜ் தாங்கும், 28 கேஜ் பந்து பட்டால் பள்ளம் விழும். உள்ளே காப்பு உண்டா, பாலிஸ்டைரீன் அட்டையா, பாலியூரிதேன் நுரையா? கராஜுக்கு மேலே படுக்கையறை இருந்தால் நுரை வைத்தது வாங்குவது நல்லது, சத்தமும் குறையும். ஸ்பிரிங் எத்தனை தடவைக்கு? சாதாரண ஸ்பிரிங் 10,000 தடவை திறந்து மூடத் தாங்கும்படி செய்யப்படுகிறது. நாளைக்கு நான்கு முறை என்றால் ஏழு வருடத்துக்குள் முடிந்துவிடும்; பள்ளி, கராத்தே, பரதநாட்டிய வகுப்பு, மளிகை என்று ஓடும் வீட்டில் இன்னும் சீக்கிரம். கொஞ்சம் கூடக் கொடுத்தால் 20,000 தடவை தாங்கும் ஸ்பிரிங் போட்டுத் தருவார்கள். ‘வாழ்நாள் உத்தரவாதம்’ என்றால் எந்தப் பாகத்துக்கு, வீடு கைமாறினால் செல்லுமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பழைய கதவை எடுத்துப்போவதும் புதிய தண்டவாளமும் விலையில் சேர்ந்ததா என்று கேட்காதவர்கள் பிறகு தனியாகக் கட்டுகிறார்கள்.

ஊர்ச் சட்டத்தைப் படியுங்கள். எச்.ஓ.ஏ. என்ற வீட்டுக்காரர் சங்கம் இருக்கும் காலனிகளில் கதவின் பாணி, நிறம், ஜன்னல் எல்லாவற்றுக்கும் முன்அனுமதி வேண்டியிருக்கும். மாட்டிய பிறகு கேட்டால் கழற்றச் சொல்லவும் கூடும். ஃப்ளோரிடாவில் விஷயம் அழகைத் தாண்டியது. 1992இல் ஆண்ட்ரூ புயலில் கராஜ் கதவு பிய்ந்து, காற்று உள்ளே புகுந்து, கூரையை உள்ளிருந்து தூக்கிப் போட்ட வீடுகள் நிறைய. அதன்பின் மயாமி-டேட் கவுண்டியில் காற்றழுத்தத்துக்குச் சோதித்து அங்கீகாரம் பெற்ற கதவுகளை மட்டுமே மாட்டலாம். கலிஃபோர்னியாவில் 2017 காட்டுத்தீயில் மின்சாரம் போய், கதவைத் திறக்க முடியாமல் சிலர் உயிரிழந்தார்கள். 2019 ஜூலை 1 முதல் அங்கே பேட்டரி இல்லாத ஓப்பனரை விற்க முடியாது. அதோடு, புதுக் கதவைப் பேட்டரி இல்லாத பழைய ஓப்பனரில் இணைக்கவும் கூடாது. அங்குள்ள சன்னிவேலில் “கதவு மட்டும் மாற்றினால் போதும்” என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த இரண்டாவது செலவைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கதவைச் சுற்றியிருப்பதைச் சரிசெய்யுங்கள். டிரைவ்வேயில் எண்ணெய்க் கறை, இருபுறமும் இரண்டு வேறு வேறு விளக்கு, சாயம் போன வீட்டு எண், குப்பைத்தொட்டிகள். இவற்றை வைத்துக்கொண்டு கதவை மாற்றினால் பழையது இன்னும் பழையதாகத் தெரியும். வீட்டைப் படம் பிடிக்கும் நாளில் கதவு மூடியிருக்கட்டும், கார் தெருவில் வேறெங்காவது நிற்கட்டும்.

பணக் கணக்கைச் சந்தேகத்தோடு பாருங்கள். நண்பர் வீட்டு சத்தியநாராயண பூஜையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கேட்டார்: “சார், கராஜ் டோர் போட்டா போட்ட காசு ரெண்டு மடங்கா வருதாமே? எங்க ஏஜென்ட் சொல்றாரு.” ஏஜென்ட் கையில் வைத்திருப்பது ஆண்டுதோறும் வரும் ‘காஸ்ட் வெர்சஸ் வேல்யூ’ அறிக்கை. 2023இல் அதன்படி கதவு மாற்றச் சராசரிச் செலவு 4,302 டாலர், விற்கும்போது திரும்புவது 102.7 சதவீதம். 2024இல் 4,513 டாலருக்கு 193.9 சதவீதம். 2025இல் 4,672 டாலருக்கு 267.7 சதவீதம். “அப்ப இந்த வருஷமே போட்டுடலாமா?” என்றார்.

அவசரப்படாதீர்கள் என்றேன். செலவு இரண்டு வருடத்தில் 370 டாலர்தான் ஏறியிருக்கிறது. கிடைக்கும் மதிப்போ மூன்று மடங்கை நெருங்குகிறது. கதவில் அப்படி ஒன்றும் மாறவில்லை. மதிப்பு என்பது ரியல் எஸ்டேட் தொழிலில் இருப்பவர்களிடம் கேட்டு வாங்கிய மதிப்பீடு. விற்ற பத்திரங்களை எடுத்து, கதவு மாற்றிய வீட்டையும் மாற்றாத வீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்த கணக்கு இல்லை. சமீப வருட அறிக்கைகளில் கராஜ் கதவு மேல்வரிசையில் வருகிறது, சமையலறையை முழுக்க இடித்துக் கட்டும் வேலை கீழே போகிறது. அந்த வரிசையை நம்பலாம். சதவீதத்தை வங்கியில் போட முடியாது. பள்ளம் விழுந்து துருப்பிடித்த கதவை மாற்றினால் லாபம் வரும். நன்றாக இருக்கும் கதவைக் கழற்றிவிட்டு இன்னும் நல்லதை மாட்டினால் வாங்குபவர் கவனிக்கக்கூட மாட்டார். பூஜையில் கேட்டவர் தன் வீட்டுக் கதவைப் பிறகு படத்தில் காட்டினார். கழுவினால் போதும்.

செய்யக்கூடாதவை

ஸ்பிரிங்கை நீங்களே தொடாதீர்கள். யூடியூபில் பார்த்து குழாய், ஸ்விட்ச், டைல் எல்லாம் மாற்றியிருக்கலாம்; இது வேறு. முறுக்கேறிய ஸ்பிரிங்கில் தேங்கியிருக்கும் விசை, கம்பி நழுவினால் கையை முறிக்கும், முகத்தைக் கிழிக்கும். கதவின் கீழ்மூலையில் கம்பிவடம் கோத்த தகடும் அதே விசையில்தான் இருக்கிறது. அதன் திருகாணியைக் கழற்றாதீர்கள். நடுராத்திரி கராஜில் வெடிபோல ஒரு சத்தம் கேட்டு, காலையில் கதவு எழும்பவில்லை என்றால் ஸ்பிரிங் அறுந்திருக்கிறது. பட்டனை மறுபடி மறுபடி அழுத்தினால் மோட்டாரும் போகும்.

பழைய ஸ்பிரிங்கில் கனமான கதவைத் தொங்கவிடாதீர்கள். காப்பு வைத்ததும், கண்ணாடி வைத்ததும், மரமும் எடை கூடியவை. ஸ்பிரிங் கதவின் எடைக்கு அளந்து போடுவது.

முழுக் கண்ணாடிக் கதவுக்கு மயங்காதீர்கள். அலுமினியச் சட்டமும் பால்கண்ணாடியும் பத்திரிகைப் படத்தில் அற்புதமாக இருக்கும். அந்தப் படத்தில் உள்ளே ஒரு காரும் சுத்தமான தரையும்தான். நம் கராஜில் டீப் ஃப்ரீஸர், சோனா மசூரி மூட்டைகள், கொலுப்படிகள், ஊரிலிருந்து வந்த பெட்டிகள், மூன்று சைக்கிள். இரவில் உள்ளே விளக்குப் போட்டால் பால்கண்ணாடியிலும் நிழலாகத் தெருவுக்கே தெரியும். வெளிச்சம் வேண்டுமென்றால் மேல்வரிசையில் மட்டும் ஜன்னல் வையுங்கள். கண்மட்டத்துக்கு மேலே இருப்பதால் உள்ளே சுலபமாக எட்டிப்பார்க்க முடியாது.

மேற்குப் பார்த்த கதவுக்குக் கறுப்பு அடிக்காதீர்கள். இப்போது கறுப்பு மோஸ்தர். டெக்ஸஸ், அரிசோனா வெயிலில் காப்பு வைத்த எஃகுக் கதவின் வெளித்தகடு சூடேறி விரியும், உள்தகடு விரியாது. கதவு வில்லாக வளையும். வெள்ளைக் கதவைக் கருமையாக மாற்றினால் உத்தரவாதம் போய்விடும் என்று தயாரிப்பாளர்கள் பலர் எழுதியே கொடுக்கிறார்கள். படித்துவிட்டு அடியுங்கள்.

காந்தத்தில் ஒட்டும் பொய்க் கீல், பொய் ஜன்னல் வேண்டாம். இருபது முப்பது டாலரில் கிடைக்கிறது. ஒரு குளிர்காலம் போனால் ஒன்று கீழே கிடக்கும், இன்னொன்று சாய்ந்திருக்கும். அலுமினியத்திலும் மரத்திலும் ஒட்டவே ஒட்டாது.

பள்ளம் விழுந்த ஒரு பலகையை மட்டும் மாற்றினால் பழைய வண்ணத்தோடு சேரும் என்று நினைக்காதீர்கள். வெயிலில் வெளுத்த மூன்றுக்கு நடுவே புதுசு தனியாகத் தெரியும். முழுக் கதவுக்கும் பெயின்ட் அடிக்கும் திட்டமிருந்தால் செய்யலாம். கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் லேபிளில் மாடல் எண் இருக்கும். அந்த மாடல் இப்போதும் வருகிறதா என்பதை முதலில் விசாரியுங்கள்.

கராஜை அறையாக்கிக் கதவை எடுத்துவிடாதீர்கள். ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கு ஓர் அறை என்ற எண்ணம் நியாயமானதுதான். அனுமதி வாங்காமல் சுவர் எழுப்பினால் விற்கும்போது அந்த இடம் அறைக் கணக்கிலும் வராது, கராஜ் கணக்கிலும் வராது. பனி பெய்யும் ஊரில் கராஜ் இல்லாத வீட்டைப் பார்க்கவே சிலர் வரமாட்டார்கள். பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் கராஜ் இருக்கும் தெருவில் அனுமதியோடு செய்வதும் யோசித்துச் செய்ய வேண்டியதே.

பண்டிகை அலங்காரத்தில் சென்சாரை மறைக்காதீர்கள். தீபாவளிக்கு டிரைவ்வேயில் கோலம் போட்டு, ஓரத்தில் பூந்தொட்டியும் அகலும் வைப்போம். தொட்டி அந்தச் சின்னக் கண்ணுக்கு முன்னால் வந்தால் கதவு இறங்க மறுக்கும், அல்லது கொஞ்சம் இறங்கித் திரும்ப ஏறும். ரிப்பேர்காரரைக் கூப்பிடும் முன் தொட்டியை நகர்த்திப் பாருங்கள். தோரணத்தைக் கதவுப் பலகையில் ஆணியடித்து மாட்ட வேண்டாம், மேல்சட்டத்தில் கட்டுங்கள். கதவு மடங்கும் இடத்தைத் தாண்டி ஒயர் விளக்கு ஓடினால் முதல் தடவை திறக்கும்போதே அறுந்துவிடும்.

பிரஷர் வாஷரால் அடிக்காதீர்கள். பூச்சும் ரப்பரும் உரியும். கிரீச்சிட்டால் தண்டவாளத்தில் எண்ணெய் விடாதீர்கள். தூசி ஒட்டிக் கெட்டியாகும். கீலுக்கும் ஸ்பிரிங்குக்கும் மட்டும் சிலிகான் அல்லது லித்தியம் ஸ்பிரே.

டொராண்டோ, ஏஜாக்ஸ், மார்க்கம் பக்கம் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. குளிர்காலக் காலையில் அடி ரப்பர் தரையோடு உறைந்திருந்தால் பட்டனை அழுத்தி இழுக்காதீர்கள்; ரப்பர் கிழியும், மோட்டார் திணறும். பனிக்கட்டியைத் தட்டி எடுத்துவிட்டுக் கையால் மெல்ல விடுவியுங்கள். காரோடு உள்ளே வரும் சாலை உப்பு கதவின் அடிவிளிம்பைத்தான் முதலில் தின்னும். பனி முடிந்ததும் அந்த ஓரத்தை நல்ல தண்ணீரில் கழுவாத வீட்டில் துரு மேலே ஏறிக்கொண்டே வரும்.

29 டாலருக்கு ரிப்பேர் என்ற விளம்பரத்தைப் பார்த்து அழைக்காதீர்கள். வந்தவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு உருளை, கம்பிவடம், ஸ்பிரிங், மோட்டார் எல்லாம் போச்சு என்று நான்கு இலக்கத்தில் கணக்குச் சொல்வார். உடைந்த ஸ்பிரிங்குக்கு என்ன விலை என்று போனிலேயே கேட்டு, தெருவில் சமீபத்தில் மாற்றிய ஒருவரிடமும் விசாரித்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

வீடு விற்றவர் பழைய ரிமோட்டைக் காரிலேயே மறந்து எடுத்துப்போகக்கூடாது. வாங்கியவர் அதை நம்பியும் இருக்கக்கூடாது. சாவி மாற்றும் அன்றே ஓப்பனரின் பெட்டியிலுள்ள ‘லேர்ன்’ பட்டனை, பக்கத்திலிருக்கும் சிறு விளக்கு அணையும்வரை அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான மாடல்களில் பழைய ரிமோட்கள் எல்லாம் அழிந்துவிடும். பக்கத்து வீட்டாரிடம் கொடுத்து வைத்திருந்ததும், நாய் பார்த்துக்கொள்ள வந்தவரிடம் இருந்ததும் அதில் சேர்த்தி. பிறகு உங்கள் ரிமோட்டைப் புதிதாகப் பதிந்துகொள்ளுங்கள். கதவோரத்தில் எண் அழுத்தும் கீபேட் இருந்தால் அதன் எண்ணையும் மாற்றிவிடுங்கள்.